படுக்கையறையில் பாட்டுப் பதிவு: முதன்முறை தொடங்குபவர்களுக்கான செய்முறை

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பாடுகிற, உறுமி அடிக்கிற, சொந்தமாக வரி எழுதுகிற இளையவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது என் வீட்டுக்கு வந்தால் முதலில் கேட்பது, "அண்ணே, எந்த மைக் வாங்கலாம்?" என்பதுதான். நான் மைக்கைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அவர்களை அறையின் நடுவில் நிற்கவைத்துக் கையைத் தட்டச் சொல்வேன். ஒலி கம்பிக்குள் நுழைவதற்கு முன்பே பதிவின் தரம் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அறை, நேரம், பாடுபவர் நிற்கும் இடம் ஆகிய மூன்றும் சரியாக அமைந்தால் சாதாரணக் கருவியிலும் குரல் நன்றாக வரும். அவை சரியில்லை என்றால், விலை கூடிய மைக் அறையின் குறையையும் சேர்த்துத் துல்லியமாகப் பிடித்துத் தரும். ஆகவே இந்த விளக்கமும் அந்த வரிசையிலேயே செல்கிறது. ஒரு குரல், வேண்டுமானால் அதனுடன் ஓர் உறுமி, இவற்றைத் தரமாகப் பதிவு செய்வதே இங்கே நம் வேலை.

படி 1: அறையைச் சரிசெய்தல்

கட்டிலையும் அலமாரியையும் அப்படியே விட்டுவிட்டு, அறையின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள். தட்டலுக்குப் பிறகு 'ட்ர்ர்ங்' என்று ஒரு நடுக்கம் கேட்டால், எதிரெதிரான இரண்டு வெற்றுச் சுவர்களுக்கு இடையே ஒலி போய்வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். நம் தாமான் (குடியிருப்பு) வீடுகளில் தரை ஓடு, சுவர் சிமெண்டு, ஜன்னல் அடுக்குக் கண்ணாடி. ஒலியை உறிஞ்சுவதற்கு அறையில் மெத்தையைத் தவிர வேறொன்றும் இல்லை.

தாழ்ந்த ஒலிகளுக்கு வேறொரு சிக்கல் உண்டு. நம் வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 348 மீட்டர் செல்கிறது. 12 அடிக்கு 10 அடி அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 12 அடிச் சுவரின் நீளம் 3.66 மீட்டர், ஒலியின் வேகத்தை அந்த நீளத்தின் இரட்டிப்பால் வகுத்தால் 48 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 48 அதிர்வுகள், வருகிறது. 10 அடிச் சுவருக்கு 57 ஹெர்ட்ஸ் வருகிறது. இந்த அதிர்வெண்களிலும் இவற்றின் மடங்குகளான 95, 114 ஹெர்ட்ஸ் போன்றவற்றிலும் அறை தானாகவே முழங்கும். ஆண்குரலின் கீழ்ச்சுரங்கள் இந்த இடத்தில்தான் விழுகின்றன. அதனால்தான் சில சுரங்கள் மட்டும் குடத்துக்குள் பாடியதுபோல் வீங்கி ஒலிக்கின்றன.

தொடக்கத்தில் நானும் பிறர் சொல்லக் கேட்டு முட்டைத் தட்டுகளைச் சுவர் முழுவதும் ஆணியடித்து மாட்டினேன். அந்த அட்டை மெல்லியது. மேல் அதிர்வெண்களில் சிறிதளவைத்தான் குறைக்கும். குரலின் தெளிவு போயிற்று, குடத்து ஓசை அப்படியே இருந்தது, சில மாதங்களில் ஈரமும் கரப்பான் பூச்சியும் சேர்ந்துகொண்டன. தயவுசெய்து அந்த வழிக்குப் போகாதீர்கள். ஒலியை உறிஞ்சத் தடிமன் வேண்டும், காற்று புகக்கூடிய பொருள் வேண்டும்.

பழைய தோட்டத்து வீடுகளிலிருந்து வந்த கெக்காபு மெத்தை, அதாவது இலவம்பஞ்சு மெத்தை, உங்கள் வீட்டில் இருந்தால் அதை வெயிலில் நன்றாகக் காயவைத்து, பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் மூலையில் நிமிர்த்தி வையுங்கள். முதுகுப் பக்கம்தான் முக்கியம், ஏனெனில் மைக் பாடுபவரை நோக்கியிருப்பதால் அவருக்குப் பின்னாலிருக்கும் சுவரையும் அதுதான் கேட்கிறது. இரு பக்கமும் துணி காயப்போடும் இரும்புச் சட்டங்களை நிறுத்தி, ஒவ்வொன்றிலும் கனத்த போர்வையை இரண்டாக மடித்துத் தொங்கவிடுங்கள். போர்வைக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விட்டால் அதே போர்வை இன்னும் சற்றுத் தாழ்ந்த ஒலிகளையும் உறிஞ்சும்.

நிலையாகச் செய்ய விரும்புபவர்கள் 2 அடிக்கு 4 அடி அளவில் மரச்சட்டம் அடித்து, 50 மில்லிமீட்டர் ராக்வூல் (பாறையிழை) பலகை இரண்டை அதில் அடுக்கி, வாயால் ஊதினால் காற்று மறுபக்கம் வருகிற துணியால் மூடித் தைக்கலாம். ராக்வூலைக் கையாளும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். கையில் 1,500 வெள்ளி (ரிங்கிட்) இருந்தால் அதில் 300 வெள்ளியை முதலில் இந்த வேலைக்கு ஒதுக்குங்கள் என்பது என் அழுத்தமான கருத்து.

இவ்வளவும் அறைக்குள் எழும் எதிரொலியைத்தான் குறைக்கும். வெளியிலிருந்து வரும் சத்தத்தைத் தடுக்காது. அதற்கு நேரம் பார்க்க வேண்டும்.

படி 2: நேரம் பார்த்தல்

ஒரு வாரம் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். என் வீட்டில் விடியற்காலையில் பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகிறவர்களின் மோட்டார் சத்தம், அடுத்துப் பள்ளிப் பேருந்து, அதன்பின் ஹாரன் அடித்துக்கொண்டு வரும் ரொட்டிக்காரர், இடையிடையே செம்பனைக் குலை ஏற்றிய லாரி, ரயில் என்று வரிசை போகும். பிற்பகலில் மழை இறங்கினால் சமையலறையின் தகரக்கூரையில் விழும் சத்தத்தில் எதுவும் பதிய முடியாது. இரவில் சுவர்க்கோழியும் தவளையும் விடுவதில்லை. எஞ்சியிருப்பது காலை 9:30 முதல் 11:30 வரையிலான இரண்டு மணி நேரம். நான் செய்த நல்ல பதிவுகள் பெரும்பாலும் அந்த நேரத்தில் அமைந்தவைதான். பதிவின்போது காற்றாடியையும் குளிரூட்டியையும் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு பாட்டுக்குப் பிறகும் கதவைத் திறந்து பாடுபவரை இளைப்பாற விடுங்கள்.

படி 3: கருவிகள்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். சரிசெய்து முடிக்காத அறையில் டைனமிக் வகை மைக்கே பாதுகாப்பானது, ஏனெனில் அதை வாய்க்கு அருகில் வைத்துப் பாடுவதால் அறையின் பங்கு குறைந்துவிடும். 1966 முதல் விற்பனையில் உள்ள ஷூர் எஸ்எம்58 என்ற டைனமிக் மைக் இன்றும் போதுமானது. கண்டென்சர் வகை நுணுக்கமாகக் கேட்கும், ஆனால் அதற்கு 48 வோல்ட் மின்சாரம் தேவை, அறையும் ஒழுங்காக இருக்க வேண்டும். மைக்கின் ஒலியைக் கணினிக்குக் கொண்டுசெல்லும் பெட்டியான, இரண்டு உள்ளீடு கொண்ட ஓர் ஆடியோ இண்டர்ஃபேஸ், காதை முழுதாக மூடும் ஹெட்போன், உறுதியான மைக் தாங்கி, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் மடிக்கணினி ஆகியவை மற்றவை. மென்பொருளுக்கு ரீப்பரைப் பரிந்துரைக்கிறேன். 60 நாள்கள் கட்டணமின்றி முழு வசதியுடன் பயன்படுத்திப் பார்க்கலாம், பழைய கணினியிலும் ஓடும்.

ஹெட்போனில் மெல்லிய 'ம்ம்' என்ற இரைச்சல் கேட்டால் அது பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஓசை. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு மின்கலத்திலேயே பதிவு செய்து பாருங்கள். பெரும்பாலும் அதோடு நின்றுவிடும்.

படி 4: நிற்கும் இடமும் மைக்கின் தூரமும்

அறையின் சரிநடுவிலும் மூலையிலும் பாடவைக்காதீர்கள். 12 அடி நீள அறையில் ஒரு சுவரிலிருந்து ஏறத்தாழ நாலரை அடி தள்ளி நிற்பது நல்ல தொடக்கம். அங்கிருந்து அரை அடி முன்னும் பின்னும் நகர்ந்து பாடிப் பார்த்து, குரல் வீங்காத இடத்தில் தரையில் ஒட்டுத்தாளால் குறி போடுங்கள்.

என் அக்காள் மகள் தேவாரப் போட்டிக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது அவள் குரலைப் பதிவு செய்தேன். முதல் பதிவில் 'ப' என்று தொடங்கும் ஒவ்வொரு சொல்லிலும் 'தும்' என்று காற்று இடித்தது. மைக் வாய்க்கு நேர் எதிரே இருந்ததுதான் காரணம். மைக்கை நான்கு விரற்கடை மேலே உயர்த்தி, அதன் முகத்தை அவளுடைய வாயோரம் நோக்கிச் சாய்த்தபோது, வெளியேறும் காற்று மைக்குக்குக் கீழே போய்விட்டது, குரல் மட்டும் வந்தது. இரண்டாவது பதிவில் இன்னொரு சத்தம்: பாட்டு நோட்டின் தாள் சரசரத்தது. நோட்டை ஒரு துண்டின்மேல் வைத்து, பக்கத்தைப் புரட்டாமல் இருப்பதற்காக இரண்டு பக்கங்களையும் படியெடுத்துப் பக்கம் பக்கமாக ஒட்டினோம். மூன்றாவது முறை அவள் ஆகாரத்தை இழுத்து நிறுத்திய பிறகு கேட்டது அவளுடைய மூச்சு மட்டுமே. அந்த மூச்சை நான் நீக்கவில்லை.

டைனமிக் மைக்குக்கு அரைச் சாண் தூரமும் கண்டென்சருக்கு ஒரு சாண் தூரமும் வைத்துக்கொள்ளுங்கள். இவ்வகை மைக்குகளில் வாய் நெருங்க நெருங்கக் கீழ் ஒலிகள் பெருகும்; பாடுபவர் முன்னும் பின்னும் ஆடினால் வரிக்கு வரி குரலின் கனம் மாறும். உச்சத்தில் பாடும்போது மட்டும் தலையைச் சற்றே பின்னுக்கு எடுக்கப் பழக்குங்கள்.

படி 5: அளவை அமைத்துப் பதிதல்

மென்பொருளில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று அமையுங்கள். பாட்டின் மிகச் சத்தமான வரியைப் பாடச்சொல்லி, அளவுமானியின் (அதில் 0 டெசிபலே எல்லை) உச்சம் கழித்தல் 12 டெசிபலுக்கும் கழித்தல் 10 டெசிபலுக்கும் இடையில் நிற்கும்படி இண்டர்ஃபேஸின் குமிழைத் திருப்புங்கள். 24 பிட்டில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே கோட்பாட்டளவில் 144 டெசிபல் இடைவெளி இருப்பதால் குறைவாகப் பதிந்ததைப் பிறகு உயர்த்திக்கொள்ளலாம். எல்லையை மீறிச் சிதறிய குரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. பாடுபவருக்குத் தன் குரல் தாமதமாகக் கேட்டால் மென்பொருளில் பஃபரை (கணினி ஒலியைத் தேக்கிவைக்கும் அளவை) 128 என்று குறையுங்கள், அல்லது இண்டர்ஃபேஸில் உள்ள நேரடிக் கேட்பு வசதியைப் பயன்படுத்துங்கள்.

வரி வரியாக நிறுத்திப் பதியாமல், பாட்டை முழுதாக மூன்று முறை பாடவைத்து, பிறகு நல்ல வரிகளைத் தேர்ந்து இணைப்பதே சிறந்தது. பாட்டின் உணர்ச்சி தொடர்ந்து பாடும்போதுதான் வரும்.

உறுமியைப் படுக்கையறையில் பதியாதீர்கள். ஒரு தோலில் வளைந்த குச்சியை உரசுவதால் எழும் அந்த நீண்ட உறுமல் சிறிய அறையின் முழக்கத்தோடு கலந்து குழம்பிவிடும், அக்கம்பக்கத்தாருக்கும் தொல்லை. மின்கலத்தில் ஓடும் மடிக்கணினியையும் அதிலிருந்தே மின்சாரம் பெறும் இண்டர்ஃபேஸையும் எடுத்துக்கொண்டு, காற்றில்லாத காலை நேரத்தில் தோட்டத் திடலின் நடுவுக்குப் போங்கள். சுவரே இல்லாத இடத்தில் எதிரொலியும் இல்லை. மைக்குக்குப் பஞ்சு உறை மாட்டி, அடிக்கும் தோலும் உரசும் தோலும் சமமாகக் கேட்கும்படி மூன்றடி தள்ளி முன்னால் வையுங்கள். பாட்டின் தாளத்தை ஹெட்போனில் கேட்டபடியே வாசிப்பவர் அடிக்க வேண்டும்.

படி 6: கலவை

பதிந்த ஒலிகளைத் திருத்தி ஒன்றாகச் சேர்ப்பதே கலவை. பதிவு சுத்தமாக இருந்தால் இந்த வேலை குறைவு. குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டுங்கள், பெண்குரலுக்கு 100 வரை போகலாம். உறுமியில் இந்த வெட்டு வேண்டாம், அதன் உயிரே அங்கேதான் இருக்கிறது. குடத்து ஓசை இன்னும் மிஞ்சியிருந்தால் 250 முதல் 400 ஹெர்ட்ஸுக்குள் தேடி, அந்த இடத்தில் 2 அல்லது 3 டெசிபல் குறையுங்கள். உரத்த ஒலியைத் தானாகத் தாழ்த்தும் கம்ப்ரசரை 3க்கு 1 என்ற விகிதத்தில் வைத்து, உரத்த வரிகளில் மட்டும் 4 டெசிபல் அளவுக்கு அழுத்தவிடுங்கள்.

எப்போதும் மெல்லிய சத்தத்தில் கேட்டுக் கலவை செய்யுங்கள். சத்தம் கூடக்கூட நம் காதுக்குக் கீழ் ஒலியும் மேல் ஒலியும் மிகையாகக் கேட்கும் என்பதை ஃப்ளெட்சர், மன்சன் ஆகிய இருவர் 1933இல் அளந்தே காட்டினார்கள். சத்தமாக வைத்துக் கலந்த பாட்டு மெல்லக் கேட்கும்போது வற்றிப்போய் ஒலிப்பது இதனால்தான். முடித்ததும் காரிலும் கைத்தொலைபேசியிலும் ஒருமுறை கேளுங்கள்; கைத்தொலைபேசியில் சொற்கள் புரியவில்லை என்றால் குரலை உயர்த்துவதற்கு முன் இசையைத் தாழ்த்திப் பாருங்கள்.

படி 7: வெளியிடுதலும் பாதுகாத்தலும்

ஸ்பாட்டிஃபை, யூடியூப் ஆகியவை அதிக சத்தமுள்ள பாடல்களை ஏறத்தாழ கழித்தல் 14 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரி சத்தத்தின் அலகு) அளவுக்குத் தாங்களே தாழ்த்திவிடுகின்றன. ஆகவே மற்றவர்களைவிடச் சத்தமாக இருக்க வேண்டும் என்று நசுக்கிப் பிழிவதால் பயனில்லை. உச்சம் கழித்தல் 1 டெசிபலைத் தாண்டாமல் 24 பிட் வேவ் கோப்பாக எடுத்து, மூலப் பதிவுகளையும் சேர்த்து இரண்டு தனி இடங்களில் சேமியுங்கள்.

கருவிகளை அறையிலேயே திறந்து வைக்காதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் மைக்கின் உள்ளே பூஞ்சை பிடித்துவிடும், கண்டென்சர் வகையில் அது படபடவென்று இரையத் தொடங்கும். வேலை முடிந்ததும் மைக்கின் வலையை உலர்ந்த துணியால் துடைத்து, காற்றுப் புகாத பிஸ்கட் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி வையுங்கள். மணிகள் நிறம் மாறியதும் புதியவற்றை இடுங்கள்.