துளிக்கும் குறைவான நீரைக் கையாளும் முறை

சுங்கை சிப்புட்டில் எங்கள் ஆலய மண்டபத்தின் பின்னறையில் சனிக்கிழமைதோறும் படிவம் நான்கு மாணவர்களுக்கு அறிவியல் வகுப்பு நடத்துகிறேன். துளிக்கும் குறைவான திரவத்தை, கழற்றி மாற்றக்கூடிய முனையால் உறிஞ்சி அளந்து விடும் கைக்கருவிதான் மைக்ரோபிப்பெட். அதை முதன்முறை கையில் எடுக்கும் எவரும், சிறிய அளவு என்பது பெரிய அளவின் சுருக்கம்தான் என்று எண்ணிவிடுகிறார்கள். ஒரு சென்டிமீட்டர் கனசதுர நீரை ஒரு மில்லிமீட்டர் கனசதுரங்களாகக் கூறுபோட்டால் 1000 துண்டுகள் கிடைக்கும். நீரின் அளவு மாறாது, ஆனால் புறப்பரப்பு 6 சதுர சென்டிமீட்டரிலிருந்து 60 ஆகிவிடும். அத்துண்டு ஒவ்வொன்றும் ஒரு மைக்ரோலிட்டர், அதாவது மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அங்கே எடையைவிடப் பரப்பு இழுவிசைக்கே வலிமை அதிகம் என்பதால், துளி கீழே விழாமல் முனையிலேயே தொங்கி நிற்கும். காற்றாடிக்கு அடியில் இருந்தால் சில நிமிடங்களில் உலர்ந்தும் போகும். எனவே, புழுக்கமாக இருந்தாலும், வேலை தொடங்குமுன் காற்றாடியை நிறுத்திவிடுங்கள்.

மைக்ரோபிப்பெட்டின் மூலவடிவத்தை 1957-இல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் ஹைன்ரிச் ஷ்னிட்கர் உருவாக்கினார். அதன் குமிழை அழுத்தும்போது கட்டைவிரல் இரண்டு தடைகளை உணரும். முதல் தடை வரை அழுத்திய பின்னரே முனையை நீருக்குள் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்கு நேர்ச்செங்குத்தாக இறக்கி, விரலை மெல்லத் தளர்த்த வேண்டும். சட்டென்று விட்டால் காற்றுக் குமிழி ஏறிவிடும். வெளியேற்றும்போது முனையைப் பாத்திரத்தின் சுவரில் சாய்த்துத் தொட்டு, இரண்டாம் தடை வரை அழுத்துங்கள். முனையில் அரை மைக்ரோலிட்டர் தங்கிவிட்டால், 100 மைக்ரோலிட்டர் எடுத்தவருக்கு அது அரை விழுக்காட்டுப் பிழை. 2 மைக்ரோலிட்டர் எடுத்தவருக்கோ கால் பங்கே போய்விடும். புதிய முனையை முதலில் இரண்டு, மூன்று முறை அதே திரவத்தால் நனைத்துவிடுவதும், குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததை அறையின் வெப்பநிலைக்கு வரவிட்டுத் தொடுவதும் பழக்கமாகட்டும்.

கருவி சரியாக இருக்கிறதா என்பதைத் தராசுதான் சொல்லும். ஆய்வகத் தராசு இல்லையே என்று தயங்க வேண்டாம். நகைக்கடைகளில் வைத்திருப்பதுபோல் 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு போதும். 100 மைக்ரோலிட்டர் காய்ச்சி வடித்த நீரை ஒரே குப்பிக்குள் இருபது முறை விட்டால், 30 பாகை வெப்பத்தில் மொத்தம் ஏறக்குறைய 1.99 கிராம் இருக்க வேண்டும். ஒரே ஒரு முறை விட்டு நிறுத்துப் பார்த்தால் அத்தராசின் பிழைதான் உங்கள் கண்ணுக்குத் தெரியும், பிப்பெட்டின் பிழை தெரியாது.

தோட்டப்புறத்தில் கிடைக்கும் திரவங்களுக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது. ஆலையிலிருந்து வரும் சுத்திகரிக்காத செம்பனை எண்ணெய் நம் ஊர் வெயிலிலும் பாதி உறைந்து குழம்பாக நிற்கும். அதை இளஞ்சூடாக்கி, இரண்டாம் தடை வரை அழுத்தி உறிஞ்சி, முதல் தடை வரை மட்டும் வெளியேற்றி, மிச்சத்தை முனையோடு ஒதுக்கிவிட வேண்டும். பால்மரப் பாலை, அதாவது ரப்பர் மரத்தின் பாலை, அம்மோனியா சேர்க்காத நிலையில், பிப்பெட்டால் எடுக்கவே வேண்டாம். ஆர்வத்தில் நான் ஒருமுறை எடுக்கவிட்டேன். அது முனைக்குள்ளேயே உறைந்து, உள்தண்டு வரை ஒட்டிக்கொண்டது.

பிப்பெட்டே இல்லாமலும் திரவத்தை நடத்திச் செல்லலாம். 2007-இல் ஹார்வர்டில் ஜார்ஜ் ஒயிட்சைட்ஸ் குழுவினர், நீர் ஏறாத வரப்புகளால் தாளில் வாய்க்கால்கள் அமைத்து, 5 மைக்ரோலிட்டர் சிறுநீரிலேயே சர்க்கரையையும் புரதத்தையும் சோதிக்க முடியும் என்று காட்டினர். வீட்டில் செய்ய ஒரு வடிதாளும் மெழுகு வண்ணக்கோலும் போதும். ஒய் எழுத்தின் வடிவில் நான்கு மில்லிமீட்டர் அகல வாய்க்காலை விட்டு, சுற்றிலும் தாளின் இருபுறமும் அழுத்தி மெழுகு பூசி, இரண்டு வெள்ளைத் தாள்களுக்கிடையே வைத்துத் துணித் தேய்ப்பானால் சூடுகாட்டினால், மெழுகு உருகித் தாளின் மறுபக்கம் வரை இறங்கிவிடும். அது பக்கவாட்டிலும் படரும் என்பதால் வாய்க்காலைச் சற்று அகலமாகவே வரையுங்கள். சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்த சாற்றை அடித்தண்டில் தடவி உலர்த்தி, ஒரு கிளையில் எலுமிச்சைச் சாற்றையும் மற்றொன்றில் சமையல் சோடா நீரையும் பத்துப் பத்து மைக்ரோலிட்டராக ஒரே நேரத்தில் விடுங்கள். சவர்க்கார நீர் வேண்டாம். அது பரப்பு இழுவிசையைக் குறைத்து மெழுகு வரப்பைத் தாண்டிக் கசிந்துவிடும்.

இரு திரவங்களும் தண்டில் சேர்ந்த பின்னும் உடனே கலப்பதில்லை. ஒருபுறம் இளஞ்சிவப்பும் மறுபுறம் நீலம் கலந்த பச்சையுமாக அருகருகே ஓடும். தேநீரைக் கலக்கும் கரண்டி எழுப்பும் சுழல் இத்தனை குறுகிய வாய்க்காலில் எழாது. மூலக்கூறுகள் தாமாகவே விரவிச் சென்றால்தான் கலப்பு உண்டு. சிறு மூலக்கூறு ஒன்று நீரில் 0.01 மில்லிமீட்டர் விரவ ஏறக்குறைய பத்தில் ஒரு வினாடி ஆகும், 0.1 மில்லிமீட்டருக்குப் பத்து வினாடி. ஒரு மில்லிமீட்டருக்கோ ஏறத்தாழ 17 நிமிடம். தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகிறது. தாள் உலர்ந்துவிடாதபடி ஒளிபுகும் பெட்டியால் மூடி, இரண்டு நிறங்களுக்கிடையே மங்கிய பட்டையின் அகலத்தை நிமிடத்துக்கு ஒருமுறை அளவுகோலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.