பார்பெல்லில் பிளேட் மாட்டும்போது கணக்கு எங்கே தப்புகிறது?

கணக்கு என்னவோ சுலபம்தான். தூக்க வேண்டிய மொத்த எடையில் பாரின் (இரு முனையிலும் பிளேட், அதாவது எடைத் தட்டு, மாட்டும் கம்பியின்) எடையைக் கழித்து, மீதியைப் பாதியாக்கினால் ஒரு பக்கத்துக்கு வேண்டியது வந்துவிடும். 65 கிலோ வேண்டும், பார் 20 கிலோ என்றால் மீதி 45, பக்கத்துக்கு 22.5. அதாவது ஒரு 20, ஒரு 2.5. ஆனால் ஒரு செட் (தொடர்ந்து பலமுறை தூக்கும் ஒரு சுற்று) முடித்து மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும்போது இந்தச் சின்னக் கணக்கே பிசகும்.

அதிகம் பிசகுவது எடையைக் கூட்டும்போதுதான். 5 கிலோ ஏற்ற வேண்டுமென்றால் பக்கத்துக்கு 2.5 தான். நான் ஒருமுறை 60-லிருந்து 65-க்குப் போவதாக நினைத்து இரு பக்கமும் 5 கிலோ மாட்டினேன். மூன்றாவது ரெப்பிலேயே, அதாவது மூன்றாம் முறை தூக்கும்போதே, கை நடுங்கியது. ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, அதனால்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். கழற்றும்போதுதான் தெரிந்தது, தூக்கியது 70 என்று.

அடுத்தது, எல்லா பாரையும் 20 கிலோ என்று எடுத்துக்கொள்வது. ஒலிம்பிக் பளுதூக்குதலில் ஆண்கள் பார் 20, பெண்கள் பார் 15 கிலோ. பைசெப்ஸுக்கு எடுக்கும் வளைந்த பார் பெரும்பாலும் அதைவிட லேசு. ஸ்மித் மெஷினில் (பார் செங்குத்துத் தண்டுகளில் மேலும் கீழும் ஓடும் இயந்திரம்) இருக்கும் பார் மெஷினுக்கு மெஷின் மாறும். சந்தேகம் இருந்தால் பாரைத் தராசில் வைத்துப் பார்த்துவிடுங்கள், ஒரு நிமிட வேலை.

பெரிய பிளேட்டிலிருந்து தொடங்குவது நல்ல பழக்கம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு செய்தால் மாட்டிக்கொள்வீர்கள். பக்கத்துக்கு 30 வேண்டும், ரேக்கில் 25-ம் 15-ம் மட்டுமே மிச்சம் என்று வையுங்கள். 25-ஐ மாட்டினால் மீதி 5-க்கு வழியில்லை. இரண்டு 15 போட்டால் முடிந்தது. முதலில் ரேக்கில் என்ன இருக்கிறது என்று பாருங்கள், அப்புறம் கணக்குப் போடுங்கள்.

நிறத்தை மட்டும் நம்பவும் முடியாது. போட்டி பிளேட்டில் 25 கிலோவும் சிவப்பு, 2.5 கிலோவும் சிவப்பு. அளவைப் பார்த்தால் அங்கே குழப்பம் வராது. குழப்புவது பவுண்டு பிளேட். 45 பவுண்டு என்பது 20.4 கிலோ, 20 கிலோ என்று நினைத்துப் பக்கத்துக்கு இரண்டு மாட்டினால் மொத்தத்தில் ஒன்றரை கிலோவுக்கு மேல் கூடிவிடும். அதுகூடப் பரவாயில்லை. ஒரு பக்கம் 10 கிலோ, மறுபக்கம் 10 பவுண்டு என்று மாட்டிவிட்டால், பவுண்டு மாட்டிய பக்கம் நாலரை கிலோதான் இருக்கும். பென்ச்சில் படுத்துத் தூக்கியதுமே பார் ஒரு பக்கமாகச் சாயும்.