தகுதியில்லை என்று டெண்டரைத் தள்ளிவிட்டால்: கடலோரப் பணி எடுப்பவர்கள் செய்ய வேண்டியவை

மூக்கையூர், பாம்பன், தொண்டி என்று எங்கே தூண்டில் வளைவு (கடலுக்குள் நீட்டிப் போடும் கல் தடுப்பு) நீட்டிப்போ மீன் இறங்குதளமோ வந்தாலும் பெரிய பணிகளுக்கு இரண்டு கவர் முறைதான். முதல் கவரில் தகுதி ஆவணங்கள், இரண்டாவதில் விலை. முதல் கவரிலேயே தள்ளப்பட்டவரின் விலையை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். எவ்வளவு குறைத்துப் போட்டிருந்தாலும் பயனில்லை. ஆகவே டெண்டர் இணையதளத்தில் அந்த முடிவு ஏறிய நாளிலிருந்தே வேலையைத் தொடங்க வேண்டும்.

முதலில் பணி யாருடையது என்று பாருங்கள். மாநில அரசுத் துறைகள், நகராட்சி, ஊராட்சி ஒன்றியம் என்றால் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவற்ற தன்மைச் சட்டம் 1998, அதன் 2000ஆம் ஆண்டு விதிகள். ரயில்வே, உச்சிப்புளி கடற்படை விமானதளம், மண்டபம் கடலோரக் காவல்படை, மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் என்றால் அந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, கூடவே டெண்டர் ஆவணத்தில் எழுதியிருக்கும் முறையீட்டு வழி. இதை மாற்றிப் போட்டு மனு அனுப்பினால் பதில் வருவதற்குள் விலைக் கவர் திறந்திருக்கும்.

அன்றைக்கே தளத்திலிருந்து மதிப்பீட்டுச் சுருக்கத்தைப் பதிவிறக்குங்கள். காரணம் ஒரே வரியில் இருந்தால், முழுக் காரணத்தைக் கேட்டு டெண்டர் கோரிய அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதன் அச்சுப்படியை அலுவலகத்தில் கொடுத்து, தேதியுடன் முத்திரை வாங்குங்கள். மாநிலச் சட்டப்படி, ஏற்கப்பட்டவரின் பெயரோடு மற்றவர்களை நிராகரித்த காரணத்தையும் டெண்டர் புல்லட்டின் (டெண்டர் விவரங்களை வெளியிடும் அரசு இதழ்) அதிகாரிக்கு அனுப்பியாக வேண்டும். அந்தப் பொறுப்பைக் கடிதத்தில் நினைவூட்டுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுக் காத்திருக்காதீர்கள். அதற்குக் கெடு 30 நாள், உங்கள் மேல்முறையீட்டுக்கு 10 நாள்தான்.

அடுத்து ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தியில் தகுதி நிபந்தனையின் வாசகம், எழுத்து மாறாமல். இரண்டாவதில் நீங்கள் ஏற்றிய ஆவணமும் பக்க எண்ணும். மூன்றாவதில் அவர்கள் சொன்ன காரணம். எந்த நிபந்தனை எண்ணும் இல்லாமல் காரணம் சொல்லியிருந்தால், அதுவே உங்கள் வலுவான வாதம். ஆவணத்தில் இல்லாத நிபந்தனையைத் திறந்த பிறகு புகுத்த முடியாது.

இந்தக் கரையில் பெரும்பாலான சண்டை 'இதே போன்ற பணி' என்ற சொல்லில்தான் வரும். கண்மாய்க் கரையில் கல் பதித்தவர் தூண்டில் வளைவுக்குப் போடுவார். சான்றிதழில் 'கரை பலப்படுத்துதல்' என்று மட்டும் இருக்கும். ஆவணம் 'கடல்சார் கல் கட்டுமானம்' என்று கேட்டிருந்தால் தள்ளியது சரிதான், அங்கே சண்டை வேண்டாம். 'கல் கொண்டு கரைப் பாதுகாப்பு' என்று கேட்டிருந்தால் சண்டை போடலாம். ஆனால் சான்றிதழோடு அளவுப் புத்தகப் (செய்த வேலையின் அளவைப் பதியும் புத்தகம்) பக்கங்களையும் ஒப்பந்த அட்டவணையையும் ஏற்றியிருந்தால்தான் உள்கற்கள் எத்தனை டன், மேல் கவசக் கற்கள் எத்தனை டன், ஒரு கல்லின் எடை எவ்வளவு என்று காட்ட முடியும். எனவே பணி முடியும்போதே செயற்பொறியாளரிடம் பணியின் தன்மை, இடம், முடிந்த தேதி, செலவான தொகை, முக்கிய உருப்படிகளின் அளவு ஆகியவற்றை எழுதிச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். மூன்று வருடம் கழித்து அந்த அதிகாரி மாறிப்போயிருப்பார், கேட்டு அலைவது உங்கள் பாடு.

இரண்டாவது சண்டை தொகையில். மத்தியப் பொதுப்பணித் துறை பாணி டெண்டரில், மதிப்பில் 80 சதவீதத்துக்கு ஒரு பணி, அல்லது 40 சதவீதத்துக்கு மூன்று பணி என்று கேட்பார்கள். 2 கோடி பணிக்கு 1.60 கோடியில் ஒன்று வேண்டும். உங்கள் சான்றிதழ் 1.65 கோடி காட்டினாலும் அதில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருந்தால் வரி நீக்கிய தொகை 1.40 கோடிக்குச் சற்றுக் குறைவு. வரியோடா, வரியில்லாமலா என்று ஆவணம் சொல்லவில்லை என்றால் டெண்டர் போடுவதற்கு முந்தைய விளக்கக் கூட்டத்திலேயே எழுத்தில் கேட்டு வையுங்கள். அதே பாணியில், பழைய பணியின் தொகையை ஆண்டுக்கு 7 சதவீதம் நேர்விகிதத்தில் உயர்த்திக் கணக்கிடவும் இடமுண்டு. நான்கு ஆண்டு முன் முடித்த 1.30 கோடி, 28 சதவீதம் ஏறி 1.664 கோடியாகிறது, தகுதியும் வந்துவிடுகிறது. இந்தக் கணக்கை மதிப்பீட்டுக் குழு போடாமல் விட்டிருந்தால் மனுவில் போட்டுக் காட்டுங்கள். உங்கள் டெண்டரில் அந்தப் பிரிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான்.

ஆண்டு வரவுச் சான்றிதழில் ஆடிட்டரின் யூடின் எண் (ஒவ்வொரு சான்றிதழுக்குமான தனி அடையாள எண்) 18 இலக்கம். அதைப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் தளத்தில் யாரும் சரிபார்க்கலாம். ஏற்றுவதற்கு முன் நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். தனிநபர் நிறுவனமாக இருந்தது பங்குதாரர் கூட்டு நிறுவனமாக மாறியிருந்தால், பழைய அனுபவம் புதிய பெயருக்கு வருவதைக் காட்டும் பத்திரத்தையும் சேர்க்க வேண்டும். இது விடுபட்டுத் தள்ளப்படுவது சாதாரணம்.

விடுபட்ட ஆவணத்தைப் பிறகு கொடுக்க முடியுமா? மத்திய அரசின் கொள்முதல் கையேடுகளில் ஒரு தெளிவான கோடு உண்டு. டெண்டர் திறப்பதற்கு முன்பே இருந்து, அதன் பின் மாறாத விஷயம் என்றால் குழு விளக்கம் கேட்கலாம். 2021இல் முடித்த பணியின் சான்றிதழ் அப்படிப்பட்டது. திறந்த பிறகு எடுத்த வங்கி உத்தரவாதம் அப்படியல்ல. மாநில டெண்டரில் இதையே கோரிக்கையாக வைக்கலாம், உரிமையாக அல்ல.

மனுவில் இப்படித் தொடங்குங்கள்: 'நிபந்தனை 4(இ) கேட்பது ... எங்கள் ஆவணம் பக்கம் 37 காட்டுவது ... நிராகரிப்புக் காரணம் இரண்டுக்கும் பொருந்தவில்லை. விலைக் கவர் திறக்கும் முன் மறுமதிப்பீடு செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம்.' இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அதிகாரியின் நேர்மையைக் குறை சொல்லும் வரி ஒன்றுகூட வேண்டாம். ஆதாரமில்லாமல் எழுதினால் மற்ற வாதமும் பலமிழக்கும்.

மாநிலச் சட்டத்தின் பிரிவு 10இன் கீழ் டெண்டரை ஏற்கும் உத்தரவு வந்துவிட்டால், அது கையில் கிடைத்த நாளிலிருந்து 10 நாளுக்குள் பிரிவு 11இன்படி அரசுக்கு மேல்முறையீடு. துறைச் செயலருக்கு அனுப்புங்கள், ஒப்பந்தம் கையெழுத்தாவதை நிறுத்திவைக்க இடைக்கால உத்தரவும் கேளுங்கள். கூடவே உங்கள் டெண்டரின் செல்லுபடிக் காலத்தை நீட்டித்துத் தனிக் கடிதம் கொடுங்கள். அது காலாவதியானால் மேல்முறையீட்டில் ஜெயித்தாலும் கையில் டெண்டர் இருக்காது. ஜெம் (மத்திய அரசின் இணையக் கொள்முதல் சந்தை) தளத்தில் போட்ட கொள்முதலில் முறையீட்டு நேரம் இன்னும் குறைவு. பொதுவாக 48 மணி நேரம், திரை காட்டுவதே கெடு.

கடைசி வழி, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் 226ஆவது உறுப்பின்கீழ் ரிட். நீதிமன்றம் முடிவெடுத்த முறையைப் பார்க்குமே தவிர, யார் நல்ல கான்ட்ராக்டர் என்று பார்க்காது. 1994இன் டாடா செல்லுலார் தீர்ப்பிலிருந்து இதுதான் நிலை. டெண்டர் ஆவணத்தின் பொருளை அதை எழுதியவரே நன்கு அறிவார் என்றது 2016இன் ஆஃப்கான்ஸ் தீர்ப்பு. ஆகவே 'எங்கள் விளக்கமும் சாத்தியம்' என்பது போதாது. அவர்கள் விளக்கம் வாசகத்துக்கே முரண் என்றோ, உங்களைத் தள்ளிய அதே குறை இருந்தும் இன்னொருவரை ஏற்றார்கள் என்றோ காட்ட வேண்டும். தாமதமும் ஆபத்து. 1979இன் ரமணா தயாராம் ஷெட்டி வழக்கில், அறிவித்த தகுதியை அரசு அமைப்பு மீறக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. ஆனாலும் ஒப்பந்தத்தை ரத்து செய்ய மறுத்தது. வழக்குத் தாமதமாக வந்ததும், எடுத்தவர் அதற்குள் பணம் போட்டுவிட்டதும் காரணங்களில் சேர்ந்தன.

இன்னொருவர் தகுதியில்லாமல் ஏற்கப்பட்டிருந்தால் அதே மூன்று பத்தித் தாளை அவருக்கும் போடுங்கள். தளத்தில் தெரியும் அவர் சான்றிதழின் யூடின் எண், பணி முடிந்த தேதி, சான்றிதழ் கொடுத்த அலுவலகம் ஆகிய மூன்றையும் சரிபார்த்து, விலைக் கவர் திறப்பதற்கு முந்தைய நாளுக்குள் எழுத்தில் கொடுத்து முத்திரை வாங்குங்கள்.