ரீஃப் டேங்குக்கு முதல் உயிர் எது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிறு சென்னை கொளத்தூர் மீன் கடைகள் பக்கம் போயிருந்தேன். காலேஜ் படிக்கிற வயசுப் பையன் ஒருவன் கையில் கவர், கவருக்குள் கட்டைவிரல் நகம் அளவில் நான்கு டோமினோ டாம்செல் மீன். "டேங்க் செட் பண்ணி பத்து நாள் ஆச்சுண்ணா, முதல்ல இதைப் போட்டு ஓட்டச் சொன்னாங்க" என்றான். பதினொரு வருடத்துக்கு முன்னால் இதே தெருவில் இதே வார்த்தையைக் கேட்டு இதே மீனை நானும் வாங்கிப் போனேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ரீஃப் டேங்க் என்றால் கடல் மீனும் பவளமும் வளர்க்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டி. உப்பை அளந்து போடு, ஆர்ஓ தண்ணீர் ஊற்று என்பதெல்லாம் எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். முதலில் எதை விடுவது என்பதைத்தான் யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை.

டேங்க் சைக்கிளுக்கு டாம்செல்

மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அதை ஒரு கூட்டம் பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும், இன்னொரு கூட்டம் நைட்ரேட் ஆக்கும். இந்த இரண்டு கூட்டமும் கல்லிலும் மணலிலும் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும், இதைத்தான் சைக்கிள் என்பார்கள். அதுவரை அம்மோனியாவுக்கு ஒரு மூலம் வேண்டும், டாம்செல் எதையும் தாங்கும், அதைப் போடு என்பது பழைய வழக்கம். தாங்கும்தான். ஆனால் செவுள் வெந்துபோய், தண்ணீர் மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு தாங்கும். ஓடு உரித்த இறால் துண்டு ஒன்றைப் போட்டாலே அந்த வேலை நடந்துவிடும், இல்லையென்றால் பாட்டிலில் கிடைக்கும் அம்மோனியம் குளோரைடு இருக்கிறது. அம்மோனியாவை 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) வரை ஏற்றிவிட்டு 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டினால் டேங்க் தயார். ஓர் உயிரை வதைக்க வேண்டிய தேவையே இல்லை.

அதைவிடப் பெரிய சேதம் அப்புறம்தான் ஆரம்பிக்கும். டோமினோ குட்டியாக இருக்கும்போது கரி போலக் கறுப்பு, நெற்றியில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று வெள்ளைப் பொட்டு, அவ்வளவு அழகு. கடலில் இந்தக் குட்டிகள் கூட்டமாகக் கடல் அனிமோனியில் (கடல் சாமந்தி என்கிற, பூ போன்ற உயிர்) க்ளவுன் மீன்களோடு வாழும், அதனால் சாது என்று நம்பிவிடுவோம். வளர வளரப் பொட்டு மங்கும், உடம்பு சாம்பல் கறுப்பாகும், குணமும் மாறும். என்னுடையது மூன்றடி டேங்க், சுமார் 200 லிட்டர். மூன்று விட்டேன், நான்காம் மாதம் ஒன்றுதான் மிச்சம். மற்ற இரண்டும் வால் கிழிந்து மணலில் கிடந்தன. பிறகு வாங்கிய க்ளவுன் ஜோடியை அது, ஃபில்டரிலிருந்து தண்ணீர் திரும்பி வரும் ரிட்டர்ன் குழாய்க்குப் பின்னால் ஒரு மூலையை விட்டு நகரவிடவில்லை. தீனி போட்டால் அந்த மூலைக்கு மிதந்து வருவதைத்தான் அவை தின்னும். கண்ணாடியில் காதை வைத்தால் அது துரத்தும்போது டக் டக் என்று ஒரு சத்தம் கேட்கும், இந்த மீன் நிஜமாகவே அப்படிச் சத்தம் போடும்.

சரி, பிடித்து வெளியே எடுத்துவிடலாமே என்பீர்கள். வலையைக் கண்டால் பொந்துக்குள் போய்விடும். தண்ணீர் பாட்டிலை வெட்டிப் பொறி வைத்தேன், அதில் க்ளவுன் இரண்டும் மாட்டின, அது மட்டும் மாட்டவில்லை. கடைசியில் ஒரு ஞாயிறு முழுக்க, பாதித் தண்ணீரை இறக்கி, கற்களை ஒவ்வொன்றாக வாளிக்கு மாற்றி, ஐந்தாவது கல்லின் ஓட்டைக்குள் ஒளிந்திருந்ததைக் கல்லோடு தூக்கினேன். மணல் கலங்கியதில் மூன்று நாள் அம்மோனியா இறங்கவே இல்லை. மீன்களின் உடம்பைச் சுத்தம் செய்யும் என்று வளர்த்த க்ளீனர் இறால் இரண்டும் போயிற்று. விற்கும்போது "சாகாது" என்று சொல்கிறவர்கள் "எடுக்கவும் முடியாது" என்று ஏன் சொல்வதில்லை? இன்றைக்கும் அது எனக்கு ஆறவில்லை.

முதலில் நுழைந்த மீன் டேங்க் முழுவதையும் தன் இடம் என்று பிடித்துக்கொள்ளும். ஆகவே சாதுவானவை முதலில், சண்டைக்காரன் கடைசியில். சின்ன கோபி, ஃபயர் ஃபிஷ் போன்ற சாது மீன்களில் ஆரம்பியுங்கள். ஃபயர் ஃபிஷ் துள்ளி வெளியே விழும், மேலே வலை போட்டு மூடுங்கள். அடுத்து ஒசலாரிஸ் க்ளவுன் ஜோடி, பண்ணையில் பிறந்ததா என்று கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமே க்ளவுனைக் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறது, கடலிலிருந்து பிடித்ததுதான் வேண்டும் என்று இல்லை. அளவில் பெரியது ஒன்று சிறியது ஒன்றாக எடுங்கள். க்ளவுன் எல்லாமே ஆணாகத்தான் வளரத் தொடங்கும், பெரியது பெண்ணாக மாறிவிடும்.

க்ளவுனுக்கு அனிமோனி கட்டாயம் என்ற நினைப்பு

டேங்கில் தேவையில்லை. புது டேங்கில் அனிமோனி இடம் பிடிக்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும், அலை உண்டாக்கும் மோட்டாரான வேவ்மேக்கருக்குள் போய் அரைபட்டால் மொத்தத் தண்ணீரும் கெடும். ஆறு மாதமாவது பொறுங்கள்.

மாண்டரின்

இந்த மீனை வாங்காதீர்கள். கல்லில் ஊரும் நுண்ணிய உயிர்களைத்தான் தின்னும், புது டேங்கில் அவை போதாமல் பட்டினியில் சாகும்.

ப்ளூ டாங்

ஓர் அடி வளரும் மீன். மூன்றடி டேங்கில் வேண்டாம்.

முதல் வாரமே இருபது நத்தை

பாசி வருவதற்கு முன்பே பாசி தின்பதை வாங்கிப் போட்டால் அது எதைத் தின்னும்? மணலில் பழுப்புத் தூள் போலப் படியட்டும், கண்ணாடி மங்கட்டும். பிறகு மூன்று நான்கு ட்ரோகஸ் நத்தை விடுங்கள். மங்கிய கண்ணாடியில் அது போன வழி மட்டும் துடைத்துவிட்ட மாதிரி தெளிவாகத் தெரியும், அந்தத் தடம் குறைய ஆரம்பித்தால் தீனி தீர்கிறது என்று அர்த்தம். நத்தைக்கும் இறாலுக்கும் உப்பு அளவு திடீரென மாறினால் தாங்காது, அரை மணி முக்கால் மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கலந்து விடுங்கள்.

கடலில் எடுத்த பவளமும் கடல் குதிரையும்

கெட்டிப் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. மன்னார் வளைகுடாவிலிருந்து வந்த கல் என்று யாராவது காட்டினால் தொடாதீர்கள். செயற்கைக் கல்லே போதும், பாக்டீரியாவுக்கு ஓட்டைகள் இருந்தால் சரி.

எல்லாவற்றையும் ஒரே நாளில்

ஒரு தடவைக்கு இரண்டு மீன், அடுத்ததற்கு இரண்டு மூன்று வார இடைவெளி. அந்த இடைவெளியில் புதியதைத் தனித் தொட்டியில் வையுங்கள். வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் அங்கேயே காப்பர் (செம்பு) மருந்து போட்டுப் பார்க்கலாம். ரீஃப் டேங்கில் காப்பர் போட்டால் இறால், நத்தை, பவளம் ஒன்றும் மிஞ்சாது.