டெஸ்ட் எல்லாம் நார்மல், ஆனா நெஞ்சு படபடக்குது: என்ன பண்ணலாம்?

திடீர்னு நெஞ்சு அடிச்சுக்கும், மூச்சு முட்டும், விரல் மரத்துப்போகும், செத்துடுவோமோன்னு பயம் வரும், இது பேனிக் அட்டாக்கா, அதாவது திடீர்னு வர்ற கடுமையான பயத் தாக்குதலா இருக்கலாம். ஆனா முதல் தடவைன்னா நீங்களா முடிவு பண்ணாதீங்க, நேரா ஆஸ்பத்திரி போய் ஈசிஜி எடுங்க, அப்புறம் தைராய்டு, ஹீமோகுளோபினும் பாருங்க, அதுல கோளாறு இருந்தாலும் படபடப்பு வரும்.

எல்லாம் நார்மல்னா நடிப்புன்னு அர்த்தம் இல்ல, வீட்ல இருக்கறவங்க தயவுசெஞ்சு அப்படிச் சொல்லாதீங்க. பயத்துல அட்ரினலின்ங்கற ஹார்மோன் சுரந்து இதயம் வேகமா துடிக்குது, வேக வேகமா மூச்சு விடறதால ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறையுது, அதனாலதான் தலைசுத்தலும் மரத்துப்போறதும். பெரும்பாலும் 10 நிமிஷத்துக்குள்ள உச்சத்துக்குப் போய் தானா இறங்கிடும்.

அந்த நேரத்துல மூச்ச மெதுவா வெளிய விடறதுதான் முக்கியம், 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடுங்க. கவருக்குள்ள மூச்சு விடற பழக்கம் மட்டும் வேணவே வேணாம், ஆஸ்துமாவோ இதயப் பிரச்சனையோ இருந்தா ஆபத்து.

அடிக்கடி வருதுன்னு பஸ், கூட்டம், கடைத்தெருன்னு ஒவ்வொண்ணா ஒதுக்க ஆரம்பிச்சா பயம் இன்னும் வளரும், அதுக்கு முன்னாடியே மனநல டாக்டர பாருங்க. பயத்தைத் தூண்டற எண்ணத்தையும் பழக்கத்தையும் மாத்தக் கத்துக்கொடுக்கற சிபிடிங்கற பேச்சு சிகிச்சை நல்லா உதவும். பதட்டத்தைக் குறைக்கற எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரை கொடுத்தா பலன் தெரிய சில வாரம் ஆகும், நீங்களா நிறுத்திடாதீங்க. செலவுக்கு யோசிச்சா மாவட்ட அரசு தலைமை மருத்துவமனையில மனநலப் பிரிவு இருக்கு, இல்லன்னா அரசோட மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு போன் பண்ணுங்க, இலவசம், 24 மணி நேரமும் தமிழ்லயே பேசலாம்.