ஆய்வேட்டுக்கு எந்த மேற்கோள் முறை?

பைண்டிங்குக்குக் கொண்டு வரும் நேரத்தில், "அக்கா, உசாத்துணையை எந்த முறையில போடுறது?" என்று கேட்காதீர்கள். முதல் புத்தகத்தில் குறிப்பு எடுக்கும் அன்றைக்கே அது முடிவாகியிருக்க வேண்டும். ஹட்டனில் டைப்பிங் கடை வைத்திருக்கிற நான் இதைக் கெஞ்சியே கேட்கிறேன். பக்க எண் குறிக்காமல் விட்டுவிட்டு, அதற்காகவே மறுபடி பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு பஸ் ஏறும் பிள்ளைகளைப் பார்க்க மனசு கேட்பதில்லை.

முதலில் துறையைக் கேளுங்கள். துறையின் வழிகாட்டியில் என்ன இருக்கிறதோ அதுதான் முடிவு. சஞ்சிகைக்கு அனுப்புவதென்றால் அந்தச் சஞ்சிகையின் விதி. ஏபிஏ (APA, அமெரிக்க உளவியல் சங்கத்தின் முறை; வரியின் உள்ளே அடைப்புக்குறியில் ஆசிரியர் பெயரும் ஆண்டும் வரும்) என்று சொன்னால் எத்தனையாவது பதிப்பு என்றும் கேளுங்கள். ஆறாவதில் நூல் வெளியான ஊரைப் போட வேண்டும், ஏழாவதில் ஊர் கிடையாது. ஹார்வர்ட் என்றால் இன்னும் கவனம். அதுவும் பெயர், ஆண்டு போடும் முறைதான். அதற்கு எல்லோருக்கும் பொதுவான ஒரே கைநூல் இல்லை. துறை ஏற்றுக்கொண்ட ஆய்வேடு ஒன்றை மாதிரிக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் விருப்பம் என்று விட்டுவிட்டார்களா? சரி, கையில் இருக்கும் ஆதாரங்களைப் பாருங்கள். கல்வி, உளவியல் போன்றவற்றில் ஆய்வு எந்த ஆண்டு வந்தது என்பது முக்கியம், அதனால் ஏபிஏ. கவிதை, நாவல் என்றால் அந்த வரி எந்தப் பக்கம் என்றுதான் தேடுவார்கள், அங்கே எம்எல்ஏ (MLA), அதாவது ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும் போடும் முறை. மருத்துவத்துக்கு வான்கூவர், பொறியியலுக்கு ஐ ட்ரிபிள் ஈ, இரண்டும் எண் முறை, அதாவது உள்ளே பெயருக்குப் பதில் பட்டியலில் உள்ள எண்ணைப் போடுவது.

தோட்ட வரலாறு எழுதுகிறவர்களுக்கு சிகாகோவின் அடிக்குறிப்பு முறையைத்தான் சொல்வேன். கொழும்பு சுவடிக்கூடத்தில் பார்த்த கடிதம், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், பழைய செக்ரோல் (தோட்டத் தொழிலாளரின் வேலைநாள் பதிவேடு) எல்லாம் பெயர், ஆண்டு என்ற அடைப்புக்குறிக்குள் லேசில் அடங்காது. செக்ரோலுக்கு ஆசிரியர் யார்? அடிக்குறிப்பு என்றால் தோட்டத்தின் பெயர், எந்த மாதத்துப் பதிவு, இப்போது எங்கே இருக்கிறது என்று ஆறுதலாக எழுதலாம்.

லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், எடுத்த பேட்டி வேறு விஷயம். உங்கள் ஆய்வுக்காக நீங்களே பேட்டி கண்டவர்களை ஏபிஏ உசாத்துணைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. முறையியல் அத்தியாயத்தில் அவர்களைப் பற்றிச் சொல்லிவிட்டு, கூற்றை உள்ளே தருவார்கள். பெயர் வெளியே வரக்கூடாது என்று கேட்டிருந்தால் எந்த முறையிலும் போடாதீர்கள். கொழுந்து எடுக்கும் அம்மா ஒருவர் கங்காணியைப் பற்றிச் சொன்னது அவர் பெயரோடு அச்சாகி அதே தோட்டத்துக்குப் போய்ச் சேரலாம்.

அப்புறம் நம் பெயர்கள். உசாத்துணையைத் தானே அடுக்கித் தரும் ஸொட்டேரோ (Zotero) மென்பொருள் இலவசம், முறையை மாற்றுவதும் சுலபம், ஆனால் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் என்ன போடுகிறீர்களோ அதை அப்படியே நம்பும். தமிழறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி என்பதில் முன்னால் இருப்பது தகப்பன் பெயர், அதனால் "சிவத்தம்பி, கா." என்று ஒழுங்காக வரும். தன் பெயரை முன்னாலும் தகப்பன் பெயரைப் பின்னாலும் எழுதுகிறவர்களை அப்படியே பதிந்தால், தகப்பன் பெயரில் போய் நிற்கும். அவர் தன் கட்டுரைகளில் எப்படிப் போடுகிறார் என்று பார்த்து, அதே வடிவத்தைக் கடைசி வரை வையுங்கள்.

தமிழ் நூல்களைத் தனியாக அடுக்குவதா, ஆங்கில நூல்களோடு கலந்தா என்பதையும் மேற்பார்வையாளரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். அடுக்கி முடித்த பிறகு மாற்றுவது பெரிய வேலை.