பக்கவாதத்துக்குப் பிறகு பேச உதவும் கருவிகள்: எங்கள் வீட்டில் செய்த தவறுகள்

பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போன மூன்றாவது வாரம், நான் ஒரு நோட்டையும் பேனாவையும் கொண்டுபோய் அவர் இடது கையில் கொடுத்தேன். "பேச வரலைன்னா எழுதிக் காட்டுங்க பெரியப்பா." நாற்பது வருஷம் மளிகைக் கடைக் கணக்கு எழுதியவர். கோணலாக நாலு கோடு போட்டுவிட்டு நோட்டைத் தள்ளினார். கண்ணில் தண்ணீர்.

பல வீடுகளில் நடக்கும் முதல் தவறு இதுதான். மூளையில் மொழியைப் பார்த்துக்கொள்ளும் பகுதி அடிபட்டால் வருவது அஃபேசியா. பெரும்பாலானவர்களுக்கு அந்தப் பகுதி இடது பக்கம் இருப்பதால், வலது கை கால் விழுந்தவர்களிடம் இதை அதிகம் பார்க்கலாம். இதில் சிக்கல் நாக்கில் இல்லை, சொல்லைத் தேடி எடுப்பதில் இருக்கிறது. அதனால் எழுதுவதும் படிப்பதும்கூடத் தடுமாறும். புத்தி மழுங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. டிசார்த்ரியா வேறு. அதில் வாய்த் தசைகள் தளர்ந்து பேச்சு குழறும், சொற்கள் உள்ளே பத்திரமாக இருக்கும். அவர்களுக்கு, தட்டச்சு செய்ததைப் படித்துச் சொல்லும் செயலி நன்றாக உதவும். இரண்டும் சேர்ந்தும் வரலாம். உங்கள் வீட்டில் எது என்று பேச்சுப் பயிற்சியாளரிடம் கேட்காமல் எதையும் வாங்காதீர்கள்.

"கருவி பழகிட்டா அப்புறம் பேச்சே வராது" என்று சொந்தக்காரர்கள் சொன்னதைக் கேட்டு நாங்கள் இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டோம். அது வெறும் பயம். கருவியும் பேச்சுப் பயிற்சியும் சேர்ந்தே நடக்கலாம். அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

அப்புறம் ஒரு டேப்லெட் வாங்கி, ஒரே திரையில் நாற்பது படம் வைத்தோம். படத்தைத் தொட்டால் அதற்கான சொல்லை டேப்லெட் சொல்லும். அவர் வலது ஓரப் படங்களைத் தொடவே இல்லை. புரியவில்லை போல என்று நினைத்தோம். உண்மையில் அவருக்கு வலது பக்கப் பார்வை பாதி போயிருந்தது. மூளையின் வலது பக்கம் அடிபட்டவர்கள் சிலருக்கு, இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே மனதில் படாது. அதையும் பார்த்துவிட்டுத்தான் படங்களை அடுக்க வேண்டும். ஆறு பெரிய படத்தில் தொடங்கினால் போதும். கருவி நல்ல கைப்பக்கம், வழுக்காத விரிப்பின் மேல் இருக்கட்டும்.

ஆமா, இல்லை என்பதை நம்பி ஏமாறுவதும் உண்டு. அஃபேசியா உள்ளவர் மனதில் ஆமா என்று நினைத்துக்கொண்டே இல்லை என்று தலையாட்டக்கூடும். "காபி வேணுமா?" என்று கேட்ட பிறகு, காபி டம்ளரையும் தண்ணீர்ச் செம்பையும் காட்டி இன்னொரு முறை கேளுங்கள். கேட்டுவிட்டுப் பத்து எண்ணும்வரை வாயை மூடிக்கொண்டிருங்கள். எனக்கு இதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

விலை கூடிய கருவிதான் வேலை செய்யும் என்றில்லை. பிரான்ஸில் எல் பத்திரிகையின் ஆசிரியராக இருந்த ழான் தொமினிக் போபிக்கு 1995 டிசம்பரில் பக்கவாதம் வந்து உடல் முடங்கியது. பிரெஞ்சில் அதிகம் வரும் எழுத்துகள் முதலில் வரும்படி அடுக்கி ஒருவர் வாசிக்க, சரியான எழுத்து வந்ததும் அவர் இடது கண்ணைச் சிமிட்டுவார். ஒரு புத்தகத்தையே அப்படிச் சொல்லி முடித்தார். அஃபேசியா இல்லாமல், சொற்கள் உள்ளே பத்திரமாக இருப்பவர்களுக்கான வழி இது. தமிழில் இதைச் செய்பவர்கள் 247 எழுத்தையும் அட்டையில் எழுதிவிடுகிறார்கள். வேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, ஆக 31 போதும். "உயிரா, மெய்யா?" என்று கேட்டுவிட்டு வரிசையைப் படியுங்கள். ம், ஓ என்று வந்தால் மோர் என்று ஊகித்து, சரியா என்று கேளுங்கள். பழைய தினசரி காலண்டர் அட்டையின் பின்பக்கமே இதற்குப் போதும்.

நாங்கள் செய்ததிலேயே பெரிய தவறு, என்னென்ன படம் வைத்தோம் என்பது. தண்ணீர், சாப்பாடு, பாத்ரூம், வலி, ஃபேன். அவ்வளவுதான். ஒரு மனிதரை நாள் முழுக்கக் கேட்டு வாங்குகிறவராக மட்டுமே ஆக்கிவைத்திருந்தோம். அவர் கருத்து சொல்ல, திட்ட, விசாரிக்க ஒரு பொத்தான்கூட இல்லை. சென்னையில் உருவான ஆவாஸ் போன்ற செயலிகளில் தமிழும் உண்டு, நம் வீட்டுப் புகைப்படங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். அண்ணன் கடை அலமாரியையும் மூட்டைகளையும் படம் எடுத்துப் போட்டான். "இருப்பு எவ்வளவு?", "இன்னும் ரெண்டு மூட்டை சொல்லு", "நான் சொன்னது அது இல்ல" என்று தன் குரலிலேயே பதிவு செய்தான். இயந்திரக் குரலில் "எனக்கு நீர் வேண்டும்" என்று கேட்டபோதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டவர் இதை உடனே பிடித்துக்கொண்டார். இப்போது சாயங்காலம் கடைப் பையன் அலமாரியைப் படம் பிடித்து அனுப்புவான், துவரம்பருப்பு எப்போது வாங்க வேண்டும் என்று முடிவு செய்வது பெரியப்பாதான்.

போன மாதம், பழைய தராசை எடைக்குப் போட்டுவிடலாம் என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தான். பெரியப்பா இடது கட்டைவிரலை மெதுவாக நகர்த்தி ஒரு பொத்தானை அழுத்தினார். "என்கிட்ட கேட்டியா?" என்றது டேப்லெட், அண்ணன் குரலிலேயே. தராசு இன்னும் கடையில்தான் இருக்கிறது.